உங்களுக்குத் தெரியுமா? காகிதப்பூவையும் மரமாக்கலாம்

காகிதப்பூவில் கண்ணைப் பறிக்கும் அந்த ரோஜா நிறம் பூவுடையது இல்லை. ஒரு கொத்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முக்கோணமாகச் சேர்ந்த மூன்று வண்ண இலைகள் தெரியும். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டினாற்போல், தீக்குச்சிக் கனத்தில் ஒரு குழல் எழுந்து நிற்கும். அதன் நுனி விரிந்து, வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ மிளகு அளவுக்கு ஒரு முகம் காட்டும். நிஜமான பூ அதுதான். குழல் சீக்கிரம் வாடிவிடும். வண்ண இலைகளோ வாரக்கணக்கில் நிற்கும். ஜப்பானியர் கொண்டாடும் செர்ரி ஒரு வாரம் பூத்து உதிர்ந்துவிடும். அதனோடு ஒப்பிட்டால், போன்சாய் வளர்ப்பவர்கள் காகிதப்பூ மேல் ஏன் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

*

அந்த நிறம் பீட்ரூட்டின் நிறம். செம்பருத்தியும் சங்குப்பூவும் ஆந்தோசயனின் என்ற சாயத்தால் நிறம் பெறுகின்றன. காகிதப்பூவுக்கும் பீட்ரூட்டுக்கும் சிவப்புத் தண்டுக்கீரைக்கும் சாயம் வேறு. அதன் பெயர் பீட்டாலெய்ன். இந்த இரண்டு சாயங்களும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இன்றுவரை யாரும் கண்டதில்லை.

*

கீரைக்காரம்மா கொண்டுவரும் மூக்கிரட்டையும், சாயங்காலம் மலரும் அந்திமந்தாரையும் காகிதப்பூவின் சொந்தக்காரர்கள். மூன்றும் ஒரே குடும்பம்.

*

நம் ஊர்க் காம்பவுண்ட் சுவர்களில் ஏறிக் கிடப்பதால் இது இந்த மண்ணின் செடி என்றே பலர் நினைக்கிறார்கள். தென் அமெரிக்காதான் இதன் தாய்வீடு. 1766-இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட லூயி அந்துவான் தெ பூகன்வில் என்ற கடற்படை அதிகாரியின் பயணக் குழுவில் ஃபிலிபேர் கொமெர்சன் என்ற தாவரவியலாளர் இருந்தார். 1767-இல் ரியோ டி ஜெனீரோவில் கப்பல் நின்றபோது இந்தச் செடியைச் சேகரித்தார்கள். பயணத் தலைவரின் பெயரே செடிக்கும் நின்றுவிட்டது. கொமெர்சனின் உதவியாளராக வந்தவர் ழான் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் ஆண் வேடத்தில் வந்தார். பெட்டி பெட்டியாகச் செடிகளைச் சுமந்தார், காயவைத்துப் பதப்படுத்தினார். உலகத்தைக் கப்பலில் சுற்றிவந்த முதல் பெண் என்று வரலாறு இன்று அவரைத்தான் குறிப்பிடுகிறது. அவர் பெயரில் அல்லவா இந்தச் செடி இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

*

“போன்சாய் விதை” என்று ஆன்லைனில் பொட்டலம் விற்கிறார்கள். அப்படி ஒரு விதை உலகத்திலேயே கிடையாது. போன்சாய்க்கென்று தனி ரகம் இல்லை. சாதாரணச் செடியின் கிளையையும் வேரையும் வெட்டி, ஆழம் குறைந்த தொட்டியில் வைத்து, வருடக்கணக்கில் உருவாக்குவதுதான் போன்சாய். அதே செடியைத் தரையில் நட்டால் மளமளவென்று வளர்ந்து தன் முழு உயரத்துக்குப் போய்விடும். காசு கொடுத்து ஏமாறாதீர்கள்.

*

தடித்த அடித்தண்டு சின்னத் தொட்டியில் உருவாவதில்லை. ஒல்லியான நாற்றை வாங்கி நேராகத் தட்டுத் தொட்டியில் நட்டுவிட்டு, பத்து வருடம் கழித்தும் குச்சியாகவே இருக்கிறதே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். தண்டு பெருக்க வேண்டுமென்றால் செடி தரையிலோ பெரிய டப்பிலோ கட்டுப்பாடில்லாமல் ஓட வேண்டும். நீளமாக ஓடும் ஒவ்வொரு கிளையும் அடித்தண்டைப் பெருக்கிக்கொடுக்கும். தண்டு போதுமான கனம் வந்த பிறகுதான் வெட்டு, பிறகுதான் தொட்டி.

பூச்செடிகளில் இந்தப் பொறுமையை யாராலும் எளிதில் காக்க முடிவதில்லை. பூவைப் பார்க்கும் ஆசை அவ்வளவு. ஆனால் பூ வேண்டும் என்ற வருடம் மரம் உருவாகாது. மரம் உருவாகும் வருடம் பூவை எதிர்பார்க்கக் கூடாது. பூக்கும் போன்சாயின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு கணக்கில் அடங்கும்.

*

முருங்கைப் போத்து நட்டால் வேர் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். காகிதப்பூவிலும் முழங்கைக் கனத்துத் தண்டு வேர் பிடிக்கும். பத்து, இருபது வருடம் சுவரோரம் நின்ற செடியின் தூர் கிடைத்தால், தண்டு பெருக்கக் காத்திருக்கும் அத்தனை வருடமும் உங்களுக்கு மிச்சம்.

வேலை இப்படித்தான் நடக்கும். வெயில் தணிந்த ஆனி, ஆடி மாதங்கள் நல்லவை. ஐப்பசி அடைமழையில் செய்தால் வெட்டுவாய் அழுகும் பயம் உண்டு. செடியை ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்கு ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். தூரைச் சுற்றி அகலமாகத் தோண்டி, தடித்த வேர்களைக் குறுக்கி, நுனியில் மயிர்போல் இருக்கும் வேர்களை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும். காகிதப்பூ வேர் சட்டென்று ஒடியும். மண்ணை உதறுகிறேன் என்று தட்டினால் பாதி போய்விடும். பருமணலும் தேங்காய் நார்த்தூளும் சேர்த்த கலவையில், அடியில் நல்ல ஓட்டை உள்ள டப்பில் ஆடாமல் நிறுத்தி, மேலே பாலித்தீன் உறை மூடி நிழலில் வையுங்கள்.

சில வாரங்களில் மொட்டைக் கட்டையின் பட்டையிலிருந்து செம்பழுப்பாக, உளுந்து அளவில் முளைகள் கிளம்பும். அங்கேதான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். துளிர் வந்துவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டில் சேர்த்துவைத்த உணவைக் கொண்டே கட்டை துளிர்க்கும். அந்தச் சேமிப்பு தீர்வதற்குள் வேர் வந்தாக வேண்டும். உறையைப் பட்டென்று எடுத்து வெயிலில் வைத்தால் துளிர் கருகும், கட்டையும் போகும். கொழுந்து சாண் நீளம் வளர்ந்து, இலை விறைப்பாக நின்ற பிறகு உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். வேர் வந்ததா என்று பார்க்க இழுத்து அசைக்கவே கூடாது.

*

காகிதப்பூவின் முள்ளும் பூவும் ஒரே இடத்தில் பிறப்பவை. இலைக் கக்கத்தில் இருக்கும் ஒரு முகை முள்ளாகவும் ஆகலாம், பூங்கொத்தாகவும் ஆகலாம். உரமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்துக் கிளை ஓடும்போது அது முள்ளாகிவிடுகிறது. யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு “முள்தான் வருகிறது, பூ வரவில்லை” என்றால் செடி மேல் தப்பில்லை.

*

இரவு நீளும் மாதங்களில் காகிதப்பூ நன்றாகப் பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சிறு வித்தியாசத்தையும் செடி உணர்கிறது. இதோடு தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் போதும். மழை ஓய்ந்த தை மாதத்திலிருந்து வெயில் உச்சிக்குப் போகும் சித்திரைவரை நெடுஞ்சாலை நடுத்திட்டெல்லாம் நிறம் கொட்டிக் கிடப்பது இதனால்தான்.

தொட்டியில் இதை நாமே செய்யலாம். இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீரை நிறுத்திவைப்பது, பிறகு முழுக்க நனைய ஊற்றுவது, மறுபடி நிறுத்துவது. சில சுற்றுகளில் கிளை நுனிகளில் மொட்டு தெரியும். முற்றிலும் வாடி இலை சுருளும் அளவுக்கு விட்டுவிடாதீர்கள். ஆழமில்லாத தொட்டியில் அந்த எல்லை வெகு அருகில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காலையில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் தாமதமாகிவிட்டிருக்கும்.

*

பூ வருவது புதுக் கிளையின் நுனியில். எனவே அடிக்கடி நுனி கிள்ளிக்கொண்டே இருந்தால் வடிவம் அழகாகும், பூ வராது. ஒரு பூப்பருவம் முடிந்ததும் எல்லாக் கிளையையும் இரண்டு மூன்று கணுவுக்குக் கவாத்து செய்து, உரம் போட்டு, தண்ணீர் தாராளமாக விட்டு வளரவிடுங்கள். கிளைகள் நீண்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீரை அடக்குவது ஒன்றுதான் வேலை.

*

வெட்டுவாய் மூடாத செடி இது. மா, ஆல், அத்தி போன்றவற்றில் கிளையை அறுத்தால் சுற்றியிருக்கும் பட்டை சில வருடங்களில் புண்ணை மூடிக்கொள்ளும். காகிதப்பூவில் பெரிய வெட்டு அநேகமாக மூடாது. நடுமரம் உளுத்து உள்ளே இறங்கும். பல வருடங்கள் கழித்துத் தண்டே கூடாகிவிடும். அதனால் பெரிய வெட்டைச் சரிவாக வெட்டித் தண்ணீர் தேங்காமல் செய்து, மேலே பசை பூசிவைப்பார்கள். கைதேர்ந்தவர்கள் உளுத்ததைச் சுரண்டி எடுத்து, அந்தப் பொந்தையே முதிர்ந்த மரத்தின் அடையாளமாகக் காட்டுவார்கள். அடியில் பொந்து விழுந்து, உச்சியில் மெஜந்தா கொட்டும் ஒரு காகிதப்பூவுக்கு ஈடான காட்சி போன்சாயில் குறைவு என்பேன்.

*

கம்பி சுற்றி வளைப்பதற்கு அலுமினியக் கம்பி போதும். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பியை, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் சுற்ற வேண்டும். காகிதப்பூவில் நேரம் பார்க்க வேண்டும். பச்சைக் கொழுந்தை வளைத்தால் அடியோடு பிய்ந்து கையில் வரும். முற்றிய கிளை பட்டென்று முறியும். பச்சை மாறி லேசாகப் பழுப்பு ஏறும் சமயம்தான் சரியான பதம். கம்பியைப் போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. வளரும் பருவத்தில் சில வாரங்களிலேயே பட்டைக்குள் பதிந்து தழும்பாகிவிடும்.

*

கம்பியே இல்லாமல் கத்தரியால் மட்டும் மரத்துக்கு வடிவம் கொடுக்கும் மரபு ஒன்று தென்சீனாவில் உண்டு. குவாங்டாங் மாகாணத்தைச் சேர்ந்த அந்த முறையை லிங்னான் பாணி என்பார்கள். ஒரு கிளையை வளரவிட்டு, வேண்டிய திசையைப் பார்க்கும் கணுவுக்கு மேலே வெட்டுவது. அதிலிருந்து வரும் கிளையை மறுபடி வளரவிட்டு வெட்டுவது. ஒவ்வொரு வெட்டிலும் கிளை ஒரு கோணம் திரும்பும், கனமும் ஒரு படி குறையும். நிறைய வருடம் பிடிக்கும். ஆனால் வெப்பமான ஊரில் சீக்கிரம் துளிர்க்கும் செடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. தமிழ்நாட்டில் போன்சாய் தொடங்குபவர்கள் ஜப்பானியப் பைன் மரப் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, லிங்னான் மரங்களின் படங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

*

தட்டில் குட்டி மரம் வைக்கும் பழக்கம் சீனாவில் ஆயிரம் வருடங்களுக்கும் மேலானது. தாங் அரச குடும்பத்து இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், செடி வைத்த தட்டை ஏந்திப் பணியாள் ஒருவர் நிற்கிறார். அந்தக் கல்லறையின் காலம் 706.

*

போன்சாயில் இலை சிறுக்கும், பூ சிறுக்காது. கவாத்தும் சின்னத் தொட்டியும் சேர்ந்து இலையைப் பாதியாகக் குறைத்துவிடும். பூவும் காயும் தம் அளவிலேயே வரும். ஓர் அடி உயர மாதுளையில் முழு அளவுக் காய் தொங்குவதைப் பார்த்தால் விளங்கும். எனவேதான் பூவுக்காகச் செடி தேடும்போது இயல்பிலேயே சின்னப் பூவோ கொத்துப் பூவோ உள்ளதாகப் பார்க்கிறார்கள். பெரிய ஒற்றைப் பூ பூக்கும் செம்பருத்தி ரகங்கள் குட்டி மரத்தில் ஒட்டவைத்ததுபோல் தெரிவதற்குக் காரணம் இதுவே.

*

பூக்கும் புதரைப் போன்சாய் ஆக்குவதில் உலகத்துக்கே ஆசான் ஜப்பானின் சட்சுகி அசேலியா. இதோ ஓர் ஆச்சரியம்: 1692-இலேயே, எதோவில் வாழ்ந்த இத்தோ இஹேய் என்ற தோட்டக்காரர் 300-க்கும் மேற்பட்ட அசேலியா ரகங்களைப் படத்தோடு விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். எதோ என்பது இன்றைய டோக்கியோ. ஒரே ஒரு வகைப் புதருக்காக இத்தனை பெரிய நூலை எழுதுபவரும் இருந்தார், வாங்கிப் படிப்பவரும் இருந்தார்கள்.

*

சட்சுகியில் ஒரே மரத்தில் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட பூ, ஓரம் மட்டும் நிறம் ஏறிய பூ எல்லாம் சேர்ந்து பூக்கும். ஒட்டுக் கட்டியதில்லை. திசுக்களில் நடக்கும் இயற்கையான மரபு மாற்றம் கிளைக்குக் கிளை நிறத்தை மாற்றுகிறது. முழுச் சிவப்பாக மாறிவிட்ட கிளை அநேகமாகத் திரும்பக் கோடு போட்ட பூவைத் தராது. அதை அப்படியே விட்டால் சில வருடங்களில் மரம் முழுக்கச் சிவப்பாகிவிடும். எனவே பூத்திருக்கும்போதே எந்தக் கிளையில் என்ன நிறம் என்று குறித்துவைத்து, பூ முடிந்ததும் அதற்கேற்பக் கவாத்து செய்கிறார்கள்.

நம்மூர் நர்சரியிலும் இதற்கு இணை உண்டு. மேரி பாமர் என்ற காகிதப்பூ ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே செடியில், சில சமயம் ஒரே கொத்தில், வெள்ளையும் மெஜந்தாவும் சேர்ந்து வரும். இந்தியாவில் மொட்டு மாற்றமாகக் கிடைத்த ரகம் இது. அதிலிருந்து பிறந்த திம்மா என்ற ரகத்தில் இலையிலும் மஞ்சள் படர்ந்திருக்கும்.

*

பெரும்பாலான மரங்களில் உச்சிதான் வேகமாக வளரும். அசேலியாவில் தலைகீழ். கீழ்க்கிளைகள் கொழுக்கும், உச்சி மெலியும். இது தெரியாமல் மற்ற மரங்களைப்போல் உச்சியை ஒட்ட வெட்டினால் உச்சி காய்ந்தே போய்விடும். கீழே கடுமையாகவும் மேலே மென்மையாகவும் வெட்டுவதுதான் அசேலியாவுக்கான கைவழக்கம்.

*

சட்சுகி மே, ஜூன் மாதங்களில் பூக்கும். அடுத்த வருடத்துக்கான மொட்டு அதே கோடையில் உருவாகத் தொடங்கிவிடும். பூ முடிந்த சில வாரங்களுக்குள் கவாத்தை முடித்துவிட வேண்டும். ஆகஸ்டில் வெட்டினால் அடுத்த வருடப் பூவையே வெட்டுகிறோம். மரம் மெலிந்திருந்தால் அந்த வருடம் மொட்டுகளை ஒன்றுவிடாமல் கிள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அத்தனை அழகான மொட்டைத் தன் கையாலேயே கிள்ளிப் போடும் மனம்தான் அந்த மரங்களை நூறு வருடத்துக்குமேல் வாழவைத்திருக்கிறது.

*

அந்த அசேலியா வளர்வது மண்ணில் இல்லை, எரிமலை நுரைக்கல்லில். தொச்சிகி மாகாணத்துக் கனுமா நகரைச் சுற்றி நிலத்தடியில் கிடைக்கும் கனுமாத் துகள், பல்லாயிரம் வருடங்களுக்கு முன் அக்காகி எரிமலை கக்கியது. அமிலத் தன்மை கொண்டது. காய்ந்தால் வெளிர் மஞ்சள், நனைந்தால் அடர் மஞ்சள். தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதை மண்ணே நிறத்தில் சொல்லிவிடும். அசேலியாவுக்கு அமில மண்ணும் குளிரும் வேண்டும். சென்னை போர்வெல் தண்ணீரில் இலை வெளிறிச் செத்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம். அங்கே சோலைக்காடுகளின் ஓரம் செக்கச்செவேல் என்று பூக்கும் நீலகிரி ரோடோடெண்ட்ரான் இதன் நெருங்கிய உறவுதான்.

*

இலையை உருவினால் பூக்கும் செடி ஒன்று இருக்கிறது. தாய்லாந்து, வியட்நாம், மலேசியா முழுக்கப் போன்சாய் வளர்ப்பவர்கள் கொண்டாடும் நீர்மல்லிகை அது. பெயரில்தான் மல்லிகை, குடும்பத்தால் நம் வெட்பாலைக்குத் தங்கை. எல்லா இலையையும் உருவிவிட்டால் சில வாரங்களில் புதுத் துளிரோடு, நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூக்கள் வாசனையோடு வரும்.

வியட்நாமின் தென்பகுதியில் இந்த வித்தையை நாள் பார்த்துச் செய்கிறார்கள். அவர்களின் புத்தாண்டான டெட் அன்று வாசலில் மஞ்சள் மாய் மலர் பூத்திருக்க வேண்டும். அதற்காகச் சந்திர நாட்காட்டியின் கடைசி மாதம் நடுவாக்கில், வெயிலையும் மொட்டின் பருமனையும் பார்த்து ஒரு நாளைக் குறித்து, குடும்பமே உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகக் கையால் கிள்ளி எடுக்கும். குளிர் அதிகம் என்றால் சில நாள் முன்னதாக, வெயில் அதிகம் என்றால் சில நாள் தள்ளி. இந்த மாய், ஓக்னா என்ற பேரினம். நம் ஊரில் செருந்தி என்று சொல்லப்படும் மரமும் ஓக்னாதான்.

*

ஐரோப்பியக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கும் ஃபுக்கியன் டீ போன்சாய் தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் தானாக வளர்வது. நாம் குரங்கு வெற்றிலை, குருவிச்சி என்கிறோம். பளபளக்கும் சின்ன இலை, வெள்ளைப் பூ, மிளகு அளவில் சிவப்புப் பழம் என்று போன்சாய்க்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கும். இதை வெளிநாட்டுச் செடி என்று நினைத்து வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

*

வெட்சியும் அப்படியே. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் பிறப்பிடம். புறத்திணையில் முதல் திணைக்கே பெயர் கொடுத்த பூவை இன்று இட்லிப்பூ என்று சொல்லி வேலி கட்டுகிறோம். சின்ன இலை ரகம் நல்ல போன்சாய் ஆகும். உப்புத் தண்ணீரில் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் இரும்புச்சத்துக் குறைவு என்று பொருள். மழைநீர் பிடித்து ஊற்றினால் தெளியும்.

*

நர்சரிகளில் “போன்சாய்” என்ற சீட்டோடு அதிகம் விற்பது அடினியம். பானை வயிற்றுத் தண்டும் பளிச்சென்ற பூவும் அழகுதான். என் தீர்ப்பு: அது நல்ல தொட்டிச் செடி, போன்சாய் இல்லை. கிளை அமைப்பும் பட்டையின் முதுமையும் பார்த்து ஒரு பெரிய மரத்தின் நினைவு வர வேண்டும். அடினியத்தில் அது வருவது அபூர்வம். அடினியத்தின் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்பு விஷமாகப் பயன்படுத்தினார்கள். வெட்டிய கையைக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகாதீர்கள்.

*

ஜப்பானிய நோ நாடகங்களில் “ஹச்சி நோ கி” என்று ஒன்று. கடும் பனியில் ஓர் ஏழை வீரனின் குடிசைக்குத் துறவி ஒருவர் வருகிறார். அடுப்புக்கு விறகில்லை. வீரனிடம் மிச்சம் இருப்பவை தொட்டியில் வளர்த்த மூன்று மரங்கள்: பிளம், செர்ரி, பைன். அவற்றை வெட்டி எரித்து விருந்தாளிக்குக் குளிர் போக்குகிறான். வந்தவர் துறவி வேடத்தில் ஊர் சுற்றிய முன்னாள் ஆட்சியாளர் ஹோஜோ தொக்கியோரி என்று பிறகு தெரிகிறது. பரிசாக மூன்று ஊர்கள் கிடைக்கின்றன. மூன்றில் இரண்டு பூமரம் என்பதைக் கவனியுங்கள். போன்சாய் என்றாலே பைன் என்று இல்லை.

*

1923-இல் பெரும் நிலநடுக்கம் டோக்கியோவைக் குலைத்தது. அங்கிருந்த போன்சாய்க்காரர்கள் சிலர் நல்ல தண்ணீரும் காற்றும் தேடி வடக்கே ஓமியாவில் குடியேறினார்கள். 1925-இல் அங்கே போன்சாய்க் கிராமமே உருவானது. குடிவருபவர்களுக்கு அன்று அவர்கள் வகுத்த விதிகள் எனக்கு மிகவும் பிடிக்கும்: வீட்டில் குறைந்தது 10 போன்சாய் வேண்டும். சுவருக்குப் பதில் உயிர்வேலி. மாடி கட்டக் கூடாது, பக்கத்து வீட்டு மரத்துக்கு நிழல் விழும். வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். 2010-இல் அங்கே நகராட்சியே போன்சாய்க் கலைக்கூடம் திறந்தது.

*

இந்தியாவில் காகிதப்பூவுக்குப் புது ரகங்கள் உருவாக்கியவர்களில் ஒருவர் கோதுமை விஞ்ஞானி. பி.பி.பால், இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் தலைமை இயக்குநர். துருநோய் தாங்கும் கோதுமை கண்டவர் ஓய்வு நேரத்தில் ரோஜாவும் காகிதப்பூவும் கலப்புச் செய்தார்.

*

போன்சாய் செடியைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்கும் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. பட்டினி போட்ட செடி பூக்காது, முதுமை காணாது, சில வருடங்களில் செத்துவிடும். சின்னத் தொட்டியில் இருப்பதற்குத் தரையில் இருப்பதைவிட அடிக்கடி உணவு வேண்டும். வளரும் பருவத்தில் நீர்த்த கடலைப்புண்ணாக்குக் கரைசலோ மண்புழு உரமோ மாதம் இருமுறை கொடுத்தால் காகிதப்பூ திருப்தியாக இருக்கும்.

ஏசி அறையில் டீப்பாய் மேல் வைப்பதுதான் உண்மையான கொடுமை. பூக்கும் போன்சாய்க்குத் தினமும் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மொட்டை மாடி அதன் இடம். விருந்தாளி வரும் அன்று ஒரு நாள் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப வெளியே வைத்துவிடுங்கள்.

*

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன்சாய்க்காகக் காட்டிலோ மலைச்சரிவிலோ செடி தோண்டாதீர்கள். குரங்கு வெற்றிலையை நர்சரியில் வாங்கலாம், விதையிலும் போத்திலும் வளர்க்கலாம். காகிதப்பூவுக்கு அதுவும் தேவையில்லை. வீடு இடிக்கும் இடங்களிலும், சுவர் மாற்றிக் கட்டும் இடங்களிலும் இருபது வருடத் தூர்கள் வாரம்தோறும் குப்பை வண்டியில் ஏறுகின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒரு வேலை நடந்தால், ரம்பம் வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு அந்தத் தூரை வாங்கிவிடுங்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பும் ஒரு சாக்கு மணலும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.